மூன்று கோடுகளும் ஒன்றாக

பிரோடி பைபஸ் எழுதிய நிரலுக்கு 'அம்பயர்' என்று பெயர் வைத்தவள் அன்னெக்கே. ஹோபார்ட் அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்து மேசைக்காரி. "மூணு தடியனுங்க அடிச்சுக்காம பாத்துக்குதுல்ல? அப்ப அது அம்பயர்தான். வாயில விசில் ஒண்ணுதான் பாக்கி" என்றாள் ஒரு நாள். அன்றிலிருந்து பெரிய கூட்டங்களில்கூட அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தடியன்கள் என்று அவள் சொன்னது கன்ட்ரோலர்களை. எங்கள் தீவில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், முதியோர் இல்லம் என்று எல்லாவற்றையும் இணைக்கிற ஸ்விட்ச் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. புதிதாக ஓர் அழைப்பு வந்தால், 'இதை எந்தப் பக்கம் அனுப்ப?' என்று தன் கன்ட்ரோலரைக் கேட்கும். அது சொல்கிற வழியில் அனுப்பும். தெற்குக்கு ஹோபார்ட், வடக்குக்கு லான்செஸ்டன், மேற்குக் கரைக்கு பர்னி என்று மூன்று ஊர்களில் மூன்று கன்ட்ரோலர்கள். ஒன்றில் கேள்விகள் குவிந்து மூச்சு முட்டும்போது மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். அம்பயரின் வேலை அதைச் சரிசெய்வது. எந்தக் கன்ட்ரோலர் திணறுகிறதோ அதனிடமிருந்து சில பெட்டிகளைப் பிரித்து, ஓய்வாக இருப்பதிடம் ஒப்படைக்கும்.

பிரோடி கெட்டவன் இல்லை. வேலையில் சுத்தமானவன், சொன்ன நாளில் முடிப்பவன். ஆனால் அவனுக்கு ஒரு பலவீனம் இருந்தது. அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் மூன்று கன்ட்ரோலர்களின் சுமையும் மூன்று நிறக் கோடுகளாக ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று தாறுமாறாகக் கிடந்த கோடுகள், அம்பயர் வந்தபின் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே கயிறுபோல ஓடின. விருந்தாளிகள் வந்தால் திரைக்கு முன் நின்று, "இதுல எது எதுன்னே தெரியலையே!" என்பார்கள். பிரோடி அதைக் கேட்பதற்காகவே காபிக் கோப்பையோடு அந்தப் பக்கம் போய் நிற்பான்.

அம்பயரை நிஜ நெட்வொர்க்கில் விடுவதற்கு முன் சோதனை அறையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு நாள் அன்னெக்கே திரும்பி உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"பிரோடி, இங்க வா. இந்தப் பெட்டியைப் பாரு. ஹோபார்ட்டுக்குப் போகுது, லான்செஸ்டனுக்கு வருது, மறுபடி ஹோபார்ட்டுக்கே போகுது. டேபிள் டென்னிஸா ஆடுது?"

அவன் வந்து பார்த்தான். இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் ஒரே நேரத்தில் சுமை ஏறினால் இப்படி ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். போன வாரமே பார்த்திருந்தான். ஹோபார்ட் திணறுகிறது என்று ஒரு பெட்டியை லான்செஸ்டனுக்குத் தள்ளினால், அதனாலேயே லான்செஸ்டன் திணறும். உடனே அம்பயர் அதைத் திருப்பித் தள்ளும். ஒவ்வொரு கைமாற்றலின்போதும் அந்தப் பெட்டி கண் இமைக்கும் நேரம் ஊமையாகிவிடும். ஒரு தடவை என்றால் யாருக்கும் தெரியாது. ஓயாமல் மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பெட்டியை நம்பியிருப்பவர்களுக்குப் புதிய அழைப்பு எதுவும் போகாது.

"டெஸ்ட் மெஷின் பழசு. அதான் தடுமாறுது" என்றான் பிரோடி.

"அப்படியா?"

"அப்படித்தான். புதுசு வரட்டும், பாத்துக்கலாம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் சாண்ட்விச்சைப் பிரித்தாள்.

மருந்தும் அவனுக்குத் தெரிந்ததுதான். இடம் மாறிய பெட்டியைச் சிறிது நேரம் அங்கேயே இருக்க விட வேண்டும். உடனே நகர்த்தக் கூடாது. அந்த ஓய்வு நேரத்தை வைக்க நிரலில் ஓர் இடமும் விட்டிருந்தான். போட்டும் பார்த்தான். ஊஞ்சலாட்டம் நின்றது. ஆனால் கோடுகள் பிரிந்துவிட்டன. ஹோபார்ட் கொஞ்சம் மேலே, பர்னி கொஞ்சம் கீழே என்று மூன்றும் தனித்தனியாக ஓடின. மெல்போர்னில் ஒரு மாநாட்டில் அவன் பேச வேண்டியிருந்தது, கோடுகள் கயிறாக ஓடும் படங்களையும் அனுப்பியாகிவிட்டது. ஓய்வு நேரத்தைப் பூஜ்யமாக்கினான். கோடுகள் மறுபடியும் கயிறாயின. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுமை ஏறுவது எங்கே நடக்கப்போகிறது, மாநாடு முடிந்து வந்து சரி செய்துகொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாநாட்டில் நல்ல கைதட்டல். வந்தபிறகு அந்த வேலையைத் தொடவில்லை.

நெட்வொர்க் பிரிவுக்குத் தலைவி ராஸ் கெர்ஸ்லேக். தெற்கே ஹ்யூவன் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். ஐம்பது வயதுக்கு மேல். சத்தமாகச் சிரிப்பாள், சத்தமாகவே திட்டுவாள். கேபிள் இழுக்கிற கூட்டத்தில் இருந்த பிரோடியை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து படிக்கவைத்தவளும் அவள்தான். அம்பயரை நிஜத்தில் ஓட்டுவதற்கான உத்தரவில் கையெழுத்துப் போடும் முன் அவனைக் கூப்பிட்டாள்.

"இதுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கு முழுசாப் புரியலடா. உன்னை நம்பித்தான் போடறேன். எனக்குத் தெரிய வேண்டியது வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல, ராஸ்."

"சரி." பேனாவை எடுத்தாள்.

தீ வந்தது ஜனவரியில், செர்ரி பறிக்கிற கோடை நாட்களில். கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்து வடமேற்குக் காற்று அனலாக வீசிய ஒரு மதியம், ஹ்யூவன் பள்ளத்தாக்குக்கு மேலே காட்டில் பிடித்த தீ மலைச்சரிவில் இறங்கியது. அதே நேரத்தில் வடக்கே ஏரிப் பக்கம் மின்னல் விழுந்து இன்னொரு தீ. தெற்கில் எல்லோரும் போனை எடுத்தார்கள். வடக்கிலும் எல்லோரும் எடுத்தார்கள்.

அலுவலகத் திரையில் மூன்று கோடுகளும் ஒன்றாகவே மேலே ஏறின. பார்க்க அப்போதும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கீழே சின்ன எழுத்துகளில் பெட்டிகளின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன: ஹோபார்ட்டிலிருந்து லான்செஸ்டன், லான்செஸ்டனிலிருந்து ஹோபார்ட், மறுபடியும் லான்செஸ்டன். என்ன செய்ய வேண்டும் என்று பிரோடிக்கு அந்தக் கணமே தெரிந்தது. அம்பயரை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள்.

அவன் நிறுத்தவில்லை. பர்னிக்குச் சில பெட்டிகளைக் கையால் தள்ளிப் பார்த்தான். பர்னியும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. கைமாற்றுகிற வேலையே கன்ட்ரோலர்களுக்குப் பெரிய சுமையாகிவிட்டது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்; புதிதாக அழைத்தவர்களுக்கு மட்டும் மணி அடிக்கவில்லை. அவன் ஒரு எண்ணை மாற்றினான், இன்னொன்றை மாற்றினான். தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடா அதை!" என்றாள் அன்னெக்கே. அவன் திரும்பவில்லை. அவள் நாற்காலியோடு அவனைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, தானே விசைப்பலகையை இழுத்து அம்பயரை நிறுத்தினாள். பெட்டிகள் அதனதன் கன்ட்ரோலரிடமே நின்றன. ஹோபார்ட் கோடு செங்குத்தாக ஏறியது. மெதுவாகத்தான் என்றாலும் அழைப்புகள் போகத் தொடங்கின.

அந்த இடைவெளியில் பள்ளத்தாக்கில் நடந்ததை அவர்கள் பிறகுதான் கேள்விப்பட்டார்கள். மிர்ட்டல் இல்லம் என்று ஒரு முதியோர் இல்லம். அதை நடத்துகிறவள் நோலீன் டிரீன். வெளியேறச் சொல்லி உத்தரவு வந்ததும் பேருந்துக்காரனை அழைத்தாள். மணி அடிக்கவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தாள், அந்த அழைப்பும் போகவில்லை. பேருந்து பக்கத்து ஊரில் வெறுமனே நின்றிருக்கிறது, அழைப்பு வந்து சேராமல். கடைசியில் தெருவில் போன ஒரு செர்ரி லாரியை மறித்து, பழப் பெட்டிகளை இறக்கிப் போட்டுவிட்டு, கிழவர்களை நாற்காலிகளோடு ஏற்றியிருக்கிறாள். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் புகைக்குள் காத்திருந்ததில் தெல்மா கத்பர்ட் என்ற மூதாட்டிக்கு நுரையீரல் கெட்டுப்போனது. வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு திரும்பி வந்தாள். அந்தக் குழாய் இனி எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தீ அணைந்தபின் பள்ளத்தாக்கு மக்கள் சமூகக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ராஸ் போனாள். "நீயும் வா, ஏதாவது நுணுக்கமாக் கேட்டா நீ சொல்லு" என்று பிரோடியையும் அழைத்துக்கொண்டு போனாள்.

கூடம் நிறைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை கருகிக் கிடந்தது. முன்வரிசையில் இருந்தவர்களில் பாதிப்பேர் ராஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஒரு தோட்டக்காரர் எழுந்து, "நம்ம ஊர்ப் பொண்ணு பெரிய வேலையில இருக்கான்னு பெருமையாச் சொல்லிட்டிருந்தோம். போன்கூட வேலை செய்யலையே, ராஸ்!" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ராஸ் எழுந்து நின்றாள். "தப்பு எங்க பக்கம்தான். சுமையைப் பிரிச்சுக் குடுக்கற மென்பொருள் அன்னிக்குக் குழம்பிப் போச்சு. அதை ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டது நான். வேற யாரையும் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க."

நோலீன் எழுந்தாள். குட்டையான, தோள் அகன்ற பெண். ஒரு கையில் இன்னும் கட்டு இருந்தது. "எனக்கு உங்க மெஷின் சமாச்சாரம் ஒண்ணும் தெரியாது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இப்படி ஆகும்னு உங்கள்ல ஒருத்தருக்குமே முன்னாடி தெரியாதா?"

"தெரியாது, நோலீன்" என்றாள் ராஸ். பிரோடியின் தோளில் கை வைத்தாள். "இதை எழுதின பையன் இங்கதான் உக்காந்திருக்கான். எனக்குத் தெரிஞ்சு இவனவிட ஒழுங்கா வேலை செய்யறவன் கிடையாது. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பான். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பத்தி எரியும்னு யாரு கண்டா?"

கூடம் முழுவதும் அவனைப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான். பலகைத் தரையில் கூடைப்பந்துக் கோடு ஒன்று அவன் காலுக்கு அடியில் போயிற்று. இப்போது எழுந்து நிற்கலாம் என்று நினைத்தான். எழவில்லை. ராஸின் கை தோளிலிருந்து எடுபட்டது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் தேநீரும் லாமிங்டன் கேக்கும் வைத்திருந்தார்கள். பிரோடி வாசலுக்கு நழுவப் பார்த்தான். நோலீன் எதிரே வந்து அவன் கையில் ஒரு கோப்பையைத் திணித்தாள்.

"குடி கண்ணு. முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. நீயும் நல்லாத் தூங்கியிருக்க மாட்டே. உம்மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

"தேங்க்ஸ்" என்றான். தேநீர் நாக்கைச் சுட்டது. அவன் நிறுத்தாமல் குடித்து முடித்தான்.

திரும்பும்போது ராஸ்தான் ஓட்டினாள். "நல்ல சனங்கடா. இதுக்குமேல கத்தியிருக்கலாம், கத்தல" என்றாள். பிறகு சிறிது தூரம் போய், "வர்ற வாரம் இயக்குநர் குழு கூப்பிட்டிருக்காங்க. என் தலையை எடுத்தாலும் எடுப்பாங்க. நீ கவலைப்படாதே, உன் பேரு வராம பாத்துக்கறேன்" என்றாள். அவன் வாயைத் திறந்தான். "ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?" என்றுதான் வந்தது. கருகிய மரங்களின் வாடை வண்டிக்குள் நிறைந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அன்னெக்கே அவனிடம் குட்மார்னிங் சொல்லவில்லை. மத்தியானம்வரை தன் வேலையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பாமலே பேசினாள்.

"டெஸ்ட் மெஷின் பழசுன்னு சொன்னே இல்ல?"

"ஆமா."

"புதுசு வந்து மாசக்கணக்காச்சு. ஓட்டிப் பாக்கவா?"

பிரோடி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"நானும் கேக்காம விட்டுட்டேன்ல" என்றாள் அவள், இந்தத் தடவை திரும்பி. அவள் கண்கள் சிவந்திருந்தன. "பழசுன்னு நீ சொன்னதும் சரின்னு சாண்ட்விச் தின்னேன். அந்தக் கெழவி மூக்குல குழாயோட உக்காந்திருக்கா. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்ப?"

"இப்ப."

ஆனால் நேரே போகவில்லை. சோதனை அறைக்குப் போனான். புது மெஷினில் தீ வந்த நாளின் சுமையை அப்படியே ஏற்றி அம்பயரை ஓடவிட்டான். பெட்டிகள் அதேபோல் ஆடின. ஓய்வு நேரத்தைப் போட்டு மறுபடி ஓட்டினான். ஆட்டம் நின்றது, ஹோபார்ட் கனமாக மூச்சு வாங்கியது, ஆனால் ஒரு கேள்விகூடப் பதிலில்லாமல் போகவில்லை. ஒரே ஓர் எண். நடந்ததற்கு வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. முகம் சுட்டது. யாரும் இல்லாத அறையில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

ராஸ் தன் அறையில் குழுவுக்கு முன் பேச வேண்டியதைத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும், ராஸ்" என்றான் வாசலில் நின்றபடி.

"என்ன தெரியும்?"

"அம்பயர் இப்படி ஆடும்னு. சோதனையிலேயே பாத்தேன். சரிபண்ணவும் வழி இருந்துச்சு. சரிபண்ணினா கோடு மூணும் பிரிஞ்சிடுது. அதனால பண்ணல. நீங்க கையெழுத்துப் போடறப்போ கேட்டீங்க. இல்லேன்னு சொன்னேன்."

ராஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தான்; கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அந்தக் கூடத்துல நான் எந்திரிச்சு நின்னேன்" என்றாள் மெல்லிய குரலில். "என்கூடப் படிச்சவங்க, எங்கம்மாவைப் பாத்துக்கிட்டவங்க எல்லாரும் இருந்தாங்க. நோலீன் கேட்டா, ஒருத்தருக்குமே தெரியாதான்னு. நான் தெரியாதுன்னேன். உன் தோளைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"ஆமா."

"நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தே."

"ஆமா, ராஸ்."

"என் ஊர்ல என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டியேடா."

அவள் அழவில்லை. ஆனால் முகம் ஒரு மாதிரி கோணிக்கொண்டது; பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. கையால் வெளியே போகும்படி சைகை செய்தாள். கதவைச் சாத்தும்போது அவள் சொன்னாள்: "மன்னிப்பு லெட்டர் எல்லாம் எழுதிக்கிட்டு வராதே. குழுவுக்கு முன்னாடி வந்து நீயே உன் வாயால சொல்லு."

அவன் சொன்னான். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். கோடுகள் அழகாக இருந்ததால் என்று சொன்ன இடத்தில் ஒருவர் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வேலையை விட்டு அனுப்பவில்லை. நிரல் எழுதுகிற பொறுப்பிலிருந்து எடுத்து, பழுது அழைப்புகளைக் கவனிக்கிற பிரிவில் போட்டார்கள். மெல்போர்ன் மாநாட்டுக்காரர்களுக்கு அவனே எழுதித் தன் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். ராஸுக்கு எச்சரிக்கையோடு பதவி தங்கியது. அம்பயரை அன்னெக்கே திருத்தி மறுபடி ஓட்டினாள். ராஸ் பள்ளத்தாக்குக்குத் தனியாகப் போய், கூடத்தில் தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தாள். யார் தவறு என்று அவள் சொல்லவில்லை. போய்வந்ததை அவனிடம் சொன்னதும் இல்லை. அன்னெக்கே வழியாகத்தான் தெரிந்தது. அதைக் கேட்டபின் அவனுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மிர்ட்டல் இல்லத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். நோலீன் சமையலறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவனை அடையாளம் கண்டு சிரித்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கையிலிருந்த தலையணை உறையை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"உனக்கு டீ வேற குடுத்தேன்" என்றாள்.

"ஆமா."

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்றே? புகையில மூச்சுத் திணறினது நானா? தெல்மா உள்ள இருக்கா. அவகிட்டச் சொல்லு."

பொது அறையில் பிங்கோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் எண்களைச் சத்தமாகப் படிக்க, பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் அட்டைகளின்மேல் குனிந்திருந்தார்கள். ஜன்னலோரம் தெல்மா கத்பர்ட். வெள்ளை முடி, உதட்டில் சிவப்புச் சாயம், மூக்கில் குழாய். பக்கத்தில் இயந்திரம் சீறிச் சீறி ஓய்ந்துகொண்டிருந்தது.

பிரோடி அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "திருமதி கத்பர்ட், என் பேரு பிரோடி. தீ வந்த அன்னிக்குப் போன் வேலை செய்யாததுக்கு..."

"டிவி அங்க இருக்கு கண்ணு" என்றாள் தெல்மா, மூலையைக் காட்டி. "படம் நல்லா வருது. சத்தம்தான் வரல."

"டிவிக்கு வரல. நான் வந்து..."

"என்ன?"

"காது கேக்காது அவங்களுக்கு" என்றார் பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர். "கத்திச் சொல்லுப்பா."

எண் படித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்தினாள். பிரோடிக்குக் கழுத்து வியர்த்தது. குரலை உயர்த்தினான்.

"தீ வந்த அன்னிக்குப் போன் வேலை செய்யாததுக்கு நான்தான் காரணம்!"

ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் சீறியது.

"நீயா?" என்றாள் தெல்மா. "நீ என்ன பண்ணினே?"

"நெட்வொர்க்ல ஒரு கோளாறு இருந்துச்சு! எனக்கு முன்னாடியே தெரியும்! சரிபண்ணாம விட்டுட்டேன்! யாருகிட்டயும் சொல்லவும் இல்ல!"

"சரிபண்ணத் தெரியலையா?"

"தெரியும்!"

"அப்புறம் ஏன் பண்ணல?"

அறையிலிருந்த எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நோலீன் கையில் துணியோடு வந்து நின்றாள். இதைத்தான் அவனால் இங்கே சொல்ல முடியவில்லை. ராஸிடம் சொன்னான், குழுவிடம் சொன்னான். அவர்களுக்குக் கோடு என்றால் என்ன என்று தெரியும். இவளிடம் கத்திச் சொல்ல வேண்டும்.

"திரையில மூணு கோடு இருக்கும்!" என்றான். "சரிபண்ணினா அது பிரிஞ்சு போயிடும். சேந்திருந்தா பாக்க அழகா இருந்துச்சு!"

"என்னது?"

"அழகா இருந்துச்சு!" என்று கத்தினான்.

யாரோ ஒருவர் சின்னதாகச் சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார். தெல்மா அவனைப் பார்த்தாள். கோபப்படுகிறாளா, புரியவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டாள். ஓரிரண்டு மூச்சுகளை இழுத்து விட்டபின் பேசினாள்.

"எனக்குத் தோட்டத்துக்குப் போகணும்னா இதையும் இழுத்துக்கிட்டுப் போகணும். படிக்கட்டுல சக்கரம் ஏறாது. அதனால போறதில்ல."

"மன்னிச்சிடுங்க."

"கேக்கல."

"மன்னிச்சிடுங்க!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் எரிச்சலோடு. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எண் படிக்கிற பெண்ணைப் பார்த்துக் கையை ஆட்டினாள். "நீ படி. எனக்கு இன்னும் ரெண்டு நம்பர்தான் வேணும்."

எண்கள் மறுபடி ஆரம்பித்தன. அவன் எழுந்தான். முழங்கால் மரத்துப்போயிருந்தது. மேசைகளுக்கு நடுவே நடந்து வாசலை அடையும்வரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவர்கள் முயற்சி செய்ததும் அவனுக்குத் தெரிந்தது.

நோலீன் வழி விட்டு ஒதுங்கினாள். அவன் கார்க் கதவைத் திறந்தபோது அவள் பின்னாலேயே வெளியே வந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவன் அப்படியே நின்றான்.

"ஆம்புலன்ஸ் நிக்கிற எடத்துல நிறுத்தியிருக்கே" என்றாள். "சீக்கிரம் எடு."

அவன் வண்டியை எடுத்தான்.